சாவி யாரிடம்?

(காவிரிப் பாசனப் பகுதிப் பேரூர் ஒன்றில், படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாலைக்குப் பதிலாக ஆளுக்கொரு நூல் கொண்டுவாருங்கள் என்று விழாக் குழுவினர் அறிவித்திருந்தார்கள். நீங்களும் அள்ளி அள்ளித் தந்திருக்கிறீர்கள். மேடை ஏறுமுன் அந்த நூற்குவியலின் அருகே அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 118 நூல்கள். அவற்றுள் பதினேழு, ஒரே நூலின் பதினேழு படிகள்! சமையற்கலை நூல்கள் ஒன்பது. காலம் கடந்துபோன போட்டித் தேர்வு வினாவிடைக் கோவைகள் இருபத்து மூன்று. சின்னஞ்சிறு பிள்ளைகள் படிக்கத்தக்கது ஏதேனும் உண்டா என்று தேடினேன். இரண்டு கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் முதல் பதினாறு பக்கங்களைக் காணோம்!

நான் குறை கூறவில்லை, தோழர்களே! கொடுத்த கை ஒவ்வொன்றும் குளிர்ந்த கை. ஆனால், எந்த நூல் இங்கே இருக்கிறது, எந்த நூல் இல்லை, எவருக்கு எது தேவை என்று ஒருவரை ஒருவர் கேட்காமல், அவரவர் வீட்டுப் பரணில் இருந்ததை அவரவர் எடுத்து வந்தோம். அன்பு மிகுந்திருந்தது, திட்டம் இல்லை. இந்தச் சிறு படிப்பகத்திலே ஒரு மாலைப் பொழுதில் நேர்ந்த இதே கதைதான், நம் மாநிலத்தின் நூலகங்களுக்கு முக்கால் நூற்றாண்டாக நேர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். இரண்டாம் ஆண்டிலேயே வெளியே வந்தவன். பட்டம் பெறாதவனுக்கு நூலகத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று எவரேனும் வினவக்கூடும். பட்டம் பெற்றவனுக்கு நூலகம் ஒரு துணை. பட்டம் பெறாதவனுக்கோ நூலகமே கதி! அந்தத் தகுதி போதும் எனக்கு.

நான் படித்த பள்ளியில், தலைமையாசிரியர் அறையின் மூலையிலே, பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பீரோ ஒன்று நின்றிருந்தது. ‘பள்ளி நூலகம்’ என்று வெள்ளை எழுத்தில் அதன் நெற்றியிலே எழுதியிருந்தார்கள். ஐந்தாண்டுகள் அந்தப் பள்ளியில் இருந்தேன். அது திறந்து நான் கண்டது ஒரே ஒரு நாள். ஆய்வாளர் வந்த நாள்! காலை ஒன்பதரை மணிக்கு ஆளுக்கொரு நூல் கையிலே கொடுத்து, ‘படிப்பது போல் இருங்கள்’ என்றார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு கடற்பயணக் கதை. கப்பல் புறப்பட்டது. புயல் எழுந்தது. பாய்மரம் முறிந்தது. ஆய்வாளர் ஜீப்பில் ஏறினார். நூலைப் பிடுங்கிக்கொண்டார்கள்! அந்தக் கப்பல் கரை சேர்ந்ததா, கவிழ்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆசிரியரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுகள் பல கழித்து ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். பந்தியில் பக்கத்தில் அமர்ந்து, ‘ஐயா, அந்தப் பீரோவை ஏன் பூட்டியே வைத்திருந்தீர்கள்?’ என்று கேட்டேன். முகம் வாடிப்போயிற்று அவருக்கு. ‘என்னப்பா செய்வது? ஒரு நூல் தொலைந்தால் என் சம்பளத்தில் பிடித்தம் செய்வார்கள். வீட்டிலே மூன்று பெண்கள்’ என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை படித்துப் பழையதாக்கினால் வாத்தியாருக்குத் தண்டம். கரையான் தின்று தீர்த்தால் கோப்பிலே ஒரு குறிப்பு, அவ்வளவே! அப்படியானால் அந்த நூல்களை நாடு யாருக்காக வாங்கிற்று? பிள்ளைக்கா, கரையானுக்கா?

இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்றோர் ஊர். அங்குள்ள பேராலயத்தில் ஒரு பழங்கால நூலகம் இன்றும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நூலையும் இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நூல்கள் கையால் எழுதப்பட்டவை, பொன் விலை விற்றவை. களவு போய்விடுமே என்ற அச்சம். இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சங்கிலியால் கட்டிய நூலை அங்கேயே நின்றபடி பிரித்துப் படிக்கலாம். நம் பச்சைப் பீரோவில் அந்த வாய்ப்பும் இல்லையே!

நூல் என்பது பூட்டி வைப்பதற்கன்று, புழங்குவதற்கு என்பதை நூலகத் துறையின் முதல் விதியாகவே வகுத்து உலகத்துக்குச் சொன்னவர், வேறெங்கோ பிறந்தவரல்லர். நம் சீர்காழியிலே 1892இல் பிறந்த அரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அங்கே தொழிலாளியும், குழந்தையும், மூதாட்டியும் பொது நூலகத்துக்குள் வந்துபோகும் காட்சியைக் கண்டு திரும்பியவர், தம் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார்.

அதே 1931இல், இதோ இங்கிருந்து கூப்பிடு தொலைவில், மன்னார்குடி வட்டாரத்திலே ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. நெல் மூட்டை ஏற்றிய வண்டியன்று. நூல்களை ஏற்றிய வண்டி! கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒருவர், அரங்கநாதனின் கருத்தால் உந்தப்பட்டு, ஊர் ஊராக நூல்களை அனுப்பினார். வண்டிப் பாதை சேறு. வாய்க்கால் குறுக்கே ஓடும். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். அன்று வண்டி போயிற்று. இன்று தார்ச்சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது, பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் இருக்கிறார்கள். நூல் போகவில்லையே, ஏன்?

பணம் இல்லை என்பார்கள். அந்தப் பணத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையோடு கேளுங்கள்.

பொது நூலகத்துக்கென்று மக்களிடம் வரி பெறும் வழக்கத்தை 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமாக்கிற்று. எவார்ட் என்ற உறுப்பினர் முன்னின்றார். எதிர்த்தவர்களுள் ஒருவர் கர்னல் சிப்தார்ப். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: தமக்குப் படிப்பதே பிடிக்காதாம், ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே அதை வெறுத்தாராம்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். மனத்தில் நினைப்பதை வெளியில் சொன்ன அந்தக் கர்னலாவது நேர்மையாளர். நினைப்பதை மறைத்துக்கொண்டு, ‘நிதிநிலை இடம் தரவில்லை’ என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! அந்தச் சட்டம், சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வசூலிக்கலாம் என்றது. கட்டடம் கட்டலாம், ஆள் அமர்த்தலாம். ஆனால் அந்தப் பணத்தில் நூல் வாங்கக்கூடாது என்றது! நூலகச் சட்டம், நூல் வாங்கத் தடை! ஐந்தாண்டு கழித்து, 1855இல்தான் வரியை ஒரு பென்னியாக்கி, நூல் வாங்கவும் இசைவு தந்தார்கள்.

நம் மண்ணில் அந்த நாள் 1948இல் வந்தது. அரங்கநாதன் பல்லாண்டுகள் வாதாடினார். அந்நாளைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். எந்த முகாமைச் சார்ந்தவர் செய்தார் என்று நான் பார்க்கவில்லை. செய்தவர்க்கு என் வணக்கம். இந்தியாவில் இன்றும் நூலகச் சட்டமே இல்லாத மாநிலங்கள் உண்டு என்பதை நினைக்கும்போது, அந்த வணக்கம் இன்னும் சற்றுத் தாழ்ந்த வணக்கமாகிறது.

வெள்ளைக்காரன் அரைப் பென்னியில் தொடங்கினான் அல்லவா? நாம் அரையணாவில் தொடங்கினோம். வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு ஆறு பை. பழைய கணக்கில் அதுதான் அரையணா. பிறகு படிப்படியாக உயர்ந்து, இன்று ரூபாய்க்குப் பத்து காசு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அறுநூறு ரூபாய் வரி கட்டினால், அறுபது ரூபாய் நூலகத்துக்காகக் கட்டுகிறீர்கள். இட்டலிக் கடை வைத்திருக்கும் அம்மையார் கட்டுகிறார். கொத்தனார் கட்டுகிறார். நூலகத்தின் படியைப் பார்த்தறியாதவரும் கட்டுகிறார். நூலகம் அரசு போடும் பிச்சையன்று. நீங்கள் முன்பணம் கட்டி வைத்திருக்கும் பண்டம்!

கட்டிய பணம் எங்கே போகிறது? மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் வசூலிக்கின்றன. வசூலித்ததை மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள நூலக ஆணைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூலித்த கை, ஒப்படைக்கச் சுணங்குகிறது என்ற செய்தி நாளேடுகளில் எத்தனையோ முறை வந்தாயிற்று. கோயில் உண்டியலில் போட்ட காசை வழியிலே எவரேனும் நிறுத்தி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? நூலகக் காசுதானே என்றால் எவரும் கேட்பதில்லை!

ஆனால் என் கவலை அதைவிட ஆழமானது. எல்லா உள்ளாட்சிகளும் காசு குறையாமல், நாள் தவறாமல் ஒப்படைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கோணல் இருக்கிறது. வரி எதன் மீது? வீட்டின் மீது, கட்டடத்தின் மீது. எங்கே மாடமாளிகைகள் ஓங்கி நிற்கின்றனவோ, எங்கே கணினி நிறுவனங்கள் கண்ணாடிக் கோபுரம் எழுப்பியிருக்கின்றனவோ, அந்த மாவட்டத்தில் நூலக வரி கொட்டும். எங்கே செம்மண் தரையும், சீமைக் கருவேலமும், ஓலைக் கூரையும் மிகுதியோ, அந்த மாவட்டத்தில் சொட்டும். சட்டம் எழுதியவர்கள் இதற்குத் துணையாக, சென்னை நகர் நீங்கலாக, ஒவ்வொரு குழுவுக்கும் வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் தரவேண்டும் என்று எழுதினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த அளவுகோல் என்ன செய்யும்? நான் நாடகக்காரன்; ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

அரசு வீற்றிருக்கிறது. மாளிகை மாவட்டம் பட்டுச் சட்டையோடு வருகிறது. மானாவாரி மாவட்டம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் வருகிறது.

அரசு: உன் வரி எவ்வளவு?

மாளிகை: ஒரு கோடி, ஐயா.

அரசு: இதோ, நானும் ஒரு கோடி தந்தேன். பெற்றுக்கொள். அடுத்து?

மானாவாரி: பத்து இலட்சந்தான் தேறிற்று, ஐயா.

அரசு: இதோ பத்து இலட்சம்.

மானாவாரி: என்னிடம் குறைவாக இருப்பதால்தானே உங்களிடம் வந்தேன்?

அரசு: உன்னிடம் குறைவாக இருப்பதால்தானே நானும் குறைவாகத் தருகிறேன்!

(கைத்தட்டல்)

தட்டுங்கள், ஆனால் இது வெறும் நாடகமன்று. இருப்பவன் கை நிறைவதும், இல்லாதவன் கை காய்வதும் எவர் தீமையாலும் நேரவில்லை. ஓர் அளவுகோலால் நேர்கிறது. அந்தச் சட்டத்தின் சொல்லை ஊன்றிப் பாருங்கள். ‘குறையாத தொகை’ என்றுதான் இருக்கிறது. கூடுதலாகத் தரக்கூடாது என்று எங்கும் இல்லை! வறண்ட மாவட்டத்துக்கு இரண்டு மடங்கு தரலாம். ஐந்து மடங்கும் தரலாம். சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. உள்ளே நுழைவதற்கு மனமும், மாநிலம் முழுமைக்குமான ஒரு திட்டமும் வேண்டும்.

அப்படி எங்கேனும் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1956இல் நூலகப் பணிச் சட்டம் ஒன்று வந்தது. நாட்டுப்புறங்களின் நூலகங்களுக்கு நடுவணரசு பணம் தரும்; ஆனால் ஒவ்வொரு மாநிலமும் முதலில் தன் திட்டத்தை எழுதிக் கொடுக்கவேண்டும் என்றது. திட்டமில்லையேல் பணமில்லை! பிறகு 1996இல் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியே மற்றோர் ஏற்பாடு. பள்ளிக்கும் நூலகத்துக்கும் இணைய இணைப்புக் கட்டணத்தில் 20 விழுக்காடு முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி. எவருக்கு 20, எவருக்கு 90? ஏழைப் பிள்ளைகள் மிகுந்த வட்டாரத்துக்கே மிகுந்த தள்ளுபடி. அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பள்ளியில் சலுகை உணவு பெறத் தகுதியுள்ள பிள்ளைகளின் தொகையைக் கொண்டு!

பள்ளியில் உணவு! தோழர்களே, அது நமக்குப் புதிய சொல்லா? 1920இலேயே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்ட மண் இது. 1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று வளர்த்த மண் இது. எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு நாள்தோறும் நம்மிடம் இருக்கிறது. வயிற்றுக்கு வைத்த அந்தக் கணக்கையே அறிவுக்கும் வைத்தால் என்ன? எந்த ஊரில் அதிகம் பேர் பள்ளியில் உண்கிறார்களோ, அந்த ஊரின் நூலகத்துக்கு அதிகப் பங்கு! புதிய கணக்கெடுப்பு வேண்டாம், ஆணையம் வேண்டாம். இருக்கிற பேரேட்டைத் திருப்பினால் போதும்.

அமெரிக்காவைப் போற்றிப் பாட வந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே 1961 மார்ச்சில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், வெள்ளையர்க்கென்று வைத்திருந்த பொது நூலகத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்று அமர்ந்தார்கள். படித்தார்கள். கைது செய்யப்பட்டார்கள்! திட்டம் தீட்டிய நாடு, பணம் ஒதுக்கிய நாடு, வாசலிலே நிறம் பார்த்தது. நாம் மட்டும் பார்க்கவில்லையா? நம் ஊராட்சியில் நூலகக் கட்டடம் எந்தத் தெருவில் எழுந்திருக்கிறது? அந்தத் தெருவில் கால் வைக்கத் தயங்கும் பிள்ளை எவனேனும் உண்டா? வரைபடத்தில் இடம் குறிக்கும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி அது. கட்டி முடித்த பின் கேட்டால் சுவர் பதில் சொல்லாது.

பக்கத்து வீட்டையும் ஒரு நொடி பார்ப்போம். கேரளத்தில் 1945இல் பணிக்கர் என்ற ஆசிரியர், அம்பலப்புழையில் 47 சிறு நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கமாக்கினார். அந்த இயக்கத்தின் வழியில் அங்கே 1989இல் சட்டம் வந்தது. வரியும் உண்டு, அதோடு, பொதுக் கல்விக்கென ஒதுக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாமல் நூலகத்துக்குத் தரவேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். அந்த ஒன்று, கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து வருவதன்று. கல்வியோடு சேர்ந்து வளர்வது. நாம் அவர்களுக்கு நாற்பத்தோராண்டு முன்பே சட்டம் செய்தவர்கள். முன்னே புறப்பட்டவன், பின்னே வந்தவனிடம் வழி கேட்பதில் வெட்கமென்ன?

இனி, சாவிக்கு வருகிறேன்.

நம் மாநிலத்தில் பொது நூலகத் துறையின்கீழ் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று வரிசை. இது போதாதென்று, 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் எழுந்தது. அன்றைய கணக்கில் 12,618 ஊராட்சிகள்! உலகத்தில் எந்த மூலையிலும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க முயற்சி. ஆனால் அவை ஊரக வளர்ச்சித் துறையின் கையில். பள்ளிக்குள் இருக்கும் நூலகமோ பள்ளிக் கல்வியின் கையில். ஒரே ஊரில் மூன்று நூலகம், மூன்று துறை, மூன்று சாவி!

எங்கள் ஊரைச் சொல்கிறேன். பள்ளியில் பச்சைப் பீரோ. பள்ளிக்கு எதிரே ஊராட்சி நூலகம். ஒரு கல் தொலைவில் கிளை நூலகம். பள்ளிப் பீரோவில் அகராதி உண்டு. அதைப் படிக்க ஆளில்லை. ஊராட்சி நூலகத்தில் நாற்காலி உண்டு; நாளேடு இல்லை. கிளை நூலகத்தில் ஆளும் உண்டு, நாளேடும் உண்டு, கூரை ஒழுகும். மூன்றையும் ஒன்றாக்கினால் ஓர் அழகிய நூலகம் கிடைக்கும். ஆனால் மூன்று கோப்புகளும் ஒரு மேசையில் சந்தித்ததே இல்லை! ஊராட்சி நூலகம் திறந்தபோது எனக்குப் பதினேழு வயது. ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைச் சொற்ப மதிப்பூதியத்தில் அமர்த்தினார்கள். அந்தியில் விளக்கேற்றி, வருகிற பையன்களை வாசலிலேயே பெயர் சொல்லி அழைப்பார். கல்லூரியை விட்டு நான் திரும்பியபோது, ‘என்னடா தம்பி, படிப்பு போச்சா?’ என்று ஊரே கேட்டது. அவர் ஒருவர்தான் கேட்கவில்லை. ‘உட்கார், அந்த மூலை அலமாரியை நீ இன்னும் தொடவில்லை’ என்றார். பிறகு மதிப்பூதியம் நின்றது. பெரியவர் தம் சொந்தக் காலில் சில மாதம் நடந்தார். பிறகு அவரும் நடப்பதை நிறுத்தினார். பூட்டு விழுந்தது. அந்தப் பூட்டு துருப்பிடித்து, சாவி போட்டாலும் திறவாத நிலைக்கு வந்ததை நானே கண்டேன்.

இப்படிப் பூட்டிக் கிடந்தவை பல. சிலவற்றைப் பின்னர்ப் புதுப்பித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஏன் பூட்டினோம்? கட்டடத்துக்கு ஒருமுறை பணம் தந்தோம். ஆளுக்கு ஆண்டுதோறும் பணம் தர வழி வகுக்கவில்லை. கார்னெகி என்ற அமெரிக்க எஃகு முதலாளி உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். தொழிலாளர்களின் வேர்வையில் குவித்த பணம் அது. அந்தக் கணக்கு வேறு. ஆனால் கொடுக்கும்போது பொதுவாக ஒரு நிபந்தனை போட்டார்: நான் கட்டடத்துக்குத் தருவதில் பத்தில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் அதன் நடப்புக்கு உங்கள் ஊர் ஒதுக்குமா? ஒதுக்குவதாக உறுதி தந்தால்தான் செங்கல்! முதலாளியின் மூளைக்குத் தெரிந்தது, மக்களாட்சியின் கோப்புக்குத் தெரியவேண்டாமா?

தலைநகரில் 1896இல் திறந்த கன்னிமாரா இருக்கிறது. 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. 2011 நவம்பரில் அதை மருத்துவமனையாக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, உயர்நீதிமன்றத்தில் தடை பெற்றுக் காத்தோம். 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. பெருமைதான், மகிழ்ச்சிதான். தலை நிமிர்ந்துவிட்டது. கால்களுக்குச் செருப்பு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

இதற்குத் தொழில்நுட்பம் துணை நிற்கும். எந்திரம் வந்தால் எல்லாம் தீரும் என்று நம்புகிறவன் அல்லன் நான். உறையைக்கூடப் பிரிக்காத கணினிகளை அலுவலக மூலைகளில் கண்டவன். ஆனால் இந்த மாலைப் பொழுதின் பதினேழு படிகளை நினைத்துப் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி கன்னிமாராவுக்கு வந்தாக வேண்டும். ஆக, நம் ஊர்ப் பையன் தேடும் நூல் இந்த மாநிலத்தில் இருக்கிறது! எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கைக்கு வராது. எல்லா நூலகங்களின் இருப்பையும் ஒரே பட்டியலாக்கி, பள்ளிப் பீரோவில் உள்ளதையும் அதிலே சேர்த்து, ஒரே உறுப்பினர் அட்டையை மாநிலம் முழுதும் செல்லுபடியாக்கி, தஞ்சையில் உள்ள நூலைத் திருச்சுழிக்குப் பேருந்தில் அனுப்பினால், பதினேழு படிகளில் பதினாறு வேறு ஊர்களுக்குப் பயன்படும். 1931இன் மாட்டு வண்டிக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.

செலவாகுமே என்பார்கள். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்றொரு சிறு வட்டாரம். அவர்களுடைய பழைய கணினி ஏற்பாடு 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. புதிது வாங்க வசதி போதவில்லை. 1999இல் தாங்களே ஒரு மென்பொருளைச் செய்வித்தார்கள். எவர் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உலகுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பெயர் கோஹா. அந்நாட்டு மவோரி மக்களின் மொழியில் ‘கொடை’ என்று பொருள். இன்று உலகெங்கும் நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டிலேயே நடுவணரசின் தேசியத் தகவல் மையம் ‘இ-கிரந்தாலயா’ என்ற மென்பொருளை அரசு நூலகங்களுக்கு விலையின்றித் தருகிறது. எனவே, மென்பொருளுக்கு விலையில்லை. பட்டியலை உட்கார்ந்து பதிவு செய்யும் ஆளுக்கு ஊதியம் வேண்டும், இணைப்புக்குக் கட்டணம் வேண்டும், கணினி பழுதானால் மறுநாளே வந்து பார்க்கும் ஒருவர் வட்டத்துக்கு வட்டம் வேண்டும். மாநிலத் திட்டத்தில் எழுதவேண்டிய வரிகள் இவை. திறன்பேசி கையில் இருக்கிறதே, நூலகம் எதற்கு என்று கேட்கும் தம்பிக்கு ஒரு சொல்: திறன்பேசி நீ கேட்டதைத்தான் தரும். கேட்கத் தோன்றாத ஒன்றை, ‘அந்த மூலை அலமாரியை நீ இன்னும் தொடவில்லை’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் சிலருக்குக் கசக்கும். ஒரு காலத்தில் நம் தோழர்கள் தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், மிதிவண்டிக் கடையிலும் படிப்பகம் நடத்தினார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்து கேட்டார்கள். இன்று சட்டமன்ற உறுப்பினரிடம் நாம் எடுத்துச் செல்லும் மனுக்களைப் பாருங்கள். வளைவு கேட்கிறோம். சிலை கேட்கிறோம். கல்வெட்டில் பெயர் கேட்கிறோம். நூலகருக்குச் சம்பளம் கேட்டு எத்தனை மனு கொடுத்தோம்? நானும் கொடுத்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான்கு நூலகங்களின் திறப்பு விழாவில் பேசியிருக்கிறேன்; அவற்றுள் இரண்டு இன்று திறந்திருக்கின்றனவா என்று திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, மறுவாரம் நூல் எடுக்க வந்திருந்தால், எந்த அதிகாரிக்கும் பூட்டும் துணிவு வந்திராது.

ஆகவே, விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதினேழு படிகளில் ஒன்றை இங்கே வைத்துக்கொண்டு, மீதி பதினாறையும் சுற்றியுள்ள பதினாறு ஊராட்சிகளுக்கு எடுத்துச் செல்லுங்கள். கொடுக்கப் போகிற சாக்கில், அங்கே நூலகம் திறந்திருக்கிறதா, ஆள் உண்டா, நாளேடு வருகிறதா, எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதி வாருங்கள். ஊராட்சி அலுவலகத்தில், நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு ஒப்படைத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். பதினாறு தாளும் சேர்ந்ததும் நானும் உடன் வருகிறேன், மாவட்ட ஆட்சியரிடம்.

பூட்டிக் கிடந்த எங்கள் ஊர் நூலகத்தை நாளைக் காலையில் திறந்து பார்க்கலாம் என்று ஊராட்சித் தலைவர் இசைந்திருக்கிறார். பத்து மணிக்கு நான் வாசலில் நிற்பேன். பூட்டு துருப்பிடித்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கொண்டு வருகிறேன். அந்தச் சாவி கடைசியாக யாரிடம் இருந்தது என்று தெரிந்தவர் எவரேனும் இந்தக் கூட்டத்தில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.